ஆயிரம் பாட்டுக்கு எத்தனை நிமிடம்?

2001 அக்டோபர் 23 அன்று முதல் ஐபாடை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், அது சட்டைப் பைக்குள் அடங்கும் என்று சொன்னதோடு நிற்கவில்லை. ஆயிரம் பாட்டைக் கணினியிலிருந்து ஏற்ற ஃபயர்வயர் வழியே பத்து நிமிடம் போதும், யுஎஸ்பி வழியே என்றால் ஐந்து மணி நேரம் ஆகும் என்று ஒரு கணக்கையும் போட்டுக் காட்டினார். விற்பனைப் பேச்சுதானே என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். ‘சிங்க் ஆகவே மாட்டேங்குது’ என்று இன்றைக்கும் பழுதுமேஜைக்கு வரும் பிளேயர்களின் நோய்க்கூறு அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

ஆப்பிள் ‘ஒரு பாட்டு’ என்று எடுத்துக்கொண்டது 160 கிலோபிட் எம்பி3, நான்கு நிமிடம். அதாவது 4.8 மெகாபைட். ஆயிரம் பாட்டுக்கு 4.8 கிகாபைட். இதைப் பத்து நிமிடத்தில் ஏற்றினால் வினாடிக்கு 8 மெகாபைட் வருகிறது. ஃபயர்வயரின் 400 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் வினாடிக்கு 50 மெகாபைட். ஆக, பெருமையாகச் சொல்லப்பட்ட அந்தக் கேபிளில் ஆறில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. உள்ளே இருந்தது தோஷிபாவின் 1.8 அங்குல வட்டு, நிமிடத்துக்கு 4200 சுற்று. அதற்கு மேல் அதை விரட்ட முடியாது. எதிர்ப்பக்கக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. யுஎஸ்பி 1.1 இன் 12 மெகாபிட் முழுசாகக் கிடைத்தால் இதே 4.8 கிகாபைட் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். ஐந்து மணி நேரம் என்றால் கேபிளின் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை என்று பொருள். மேடைப் பேச்சுக்குரிய மிகையைக் கழித்துவிட்டாலும் இரண்டு கணக்கும் ஒன்றையே சொல்கின்றன: நேரத்தைத் தீர்மானித்தது கேபிள் மட்டுமல்ல.

பிறகு கேபிள்கள் வேகமெடுத்தன. 2003 ஏப்ரலில் வந்த மூன்றாம் தலைமுறை ஐபாடில் யுஎஸ்பி 2.0 சேர்ந்தது. 2005இல் வந்த நானோவும் வீடியோ ஐபாடும் ஃபயர்வயர் வழியே பாட்டு ஏற்றுவதையே கைவிட்டன. யுஎஸ்பி 2.0 காகிதத்தில் 480 மெகாபிட். நடைமுறையில் வினாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தலா 4 மெகாபைட் அளவில் 8000 பாட்டு, மொத்தம் 32 கிகாபைட், இருபது நிமிடத்துக்குள் ஏறி முடிந்திருக்க வேண்டும். முடிவதில்லை என்பது கடையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரியும்.

காரணம், ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக ஆகும் செலவு. பென் டிரைவ் மாதிரி கணினியில் தெரியும் ஒரு பிளேயரை எடுத்துக்கொள்வோம், உள்ளே ஃபேட்32. கணினி முதலில் கோப்புறைப் பட்டியலில் பெயருக்கு இடம் பிடிக்கிறது. நீளப் பெயர் என்றால் 13 எழுத்துக்கு ஒரு வரி வீதம் கூடுதல் இடம் வேண்டும். படத்தின் பெயர், பாடகர் பெயர், இணையதளத்தின் பெயர் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் நம் பாட்டுக் கோப்புகளுக்கு இது சாதாரணமாக ஐந்தாறு வரி போகும். அடுத்து ஃபேட் அட்டவணையில் கிளஸ்டர்களைக் குறிக்க வேண்டும். அந்த அட்டவணைக்கு வழக்கமாக இரண்டு பிரதி. இரண்டிலும் எழுத வேண்டும். அதன் பிறகே பாட்டின் தரவு போகிறது. கடைசியில் கோப்பின் அளவையும் நேரத்தையும் பதிய மறுபடி பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்து வெளிச் சேமிப்புக் கருவிகளுக்கு ‘குயிக் ரிமூவல்’தான் இயல்பு அமைப்பு என்பதால், இந்தச் சில்லறை எழுத்துகளைத் திரட்டி வைத்து மொத்தமாக எழுதும் வசதியும் போய்விட்டது.

மறுமுனையில் இருக்கும் ஃபிளாஷ் சிப்புக்கோ இந்தச் சில்லறைதான் பெரிய தொல்லை. நேண்ட் ஃபிளாஷில் எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பது பல பக்கங்கள் கொண்ட பிளாக் பிளாக்காக. எழுதிய இடத்தின்மேல் திருப்பி எழுத முடியாது. அட்டவணையில் நாலு பைட் மாறினாலும் கன்ட்ரோலர் புதுப் பக்கம் தேடி எழுதி, பழைய பிளாக்கைப் பிறகு துடைத்தாக வேண்டும். மலிவு கன்ட்ரோலர் இதிலேயே மூச்சு முட்டிப்போகும். இந்த உபரி வேலைக்குப் பாட்டுக்கு அரை வினாடி என்று வைத்தாலே 8000 பாட்டுக்கு 4000 வினாடி, ஒரு மணி நேரத்துக்கும் மேல். கேபிளைப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் இதில் ஒரு நிமிடமும் குறையாது.

எம்டிபி வந்ததும் நிலைமை மாறியதா? மாறியது, வேறு விதமாக. மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய இந்த முறையை 2008இல் யுஎஸ்பி அமைப்பு தரநிலையாக ஏற்றது. வட்டையே கணினியிடம் ஒப்படைக்காமல், கோப்புகளைக் கேட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. பிளேயரும் கணினியும் ஒரே நேரத்தில் நினைவகத்தைத் தொட்டுக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்து இல்லை. நல்ல நோக்கம்தான். ஆனால் நடைமுறை, ரேஷன் கடை வரிசை. ‘இன்ன பெயரில், இன்ன அளவில் ஒரு கோப்பு வருகிறது’ என்று கணினி சொல்ல வேண்டும்; பிளேயர் ஓர் எண் கொடுக்கும்; பிறகு தரவு; பிறகு ‘சரி’ என்ற பதில்; அதன் பிறகே அடுத்த பாட்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். பிளேயரைச் செருகியதும் உள்ளே இருப்பதைப் பட்டியலிடவும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில். விவரங்களை மொத்தமாகக் கேட்டு வாங்கும் கட்டளை இருக்கிறது, ஆனால் அதை எல்லாக் கருவியும் ஆதரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பாட்டும் ஏற்றாமலே சில நிமிடங்கள் கழிவது இதனால்தான்.

ஐபாடின் கதையில் இன்னொரு அடுக்கு உண்டு. பாட்டுகள் எஃப்00, எஃப்01 என்ற கோப்புறைகளில் நான்கெழுத்துப் பெயர்களோடு சிதறிக் கிடக்கும். எந்தப் பாட்டு எது என்பது ஐடியூன்ஸ்டிபி என்ற தரவுக்கோப்புக்கு மட்டுமே தெரியும். ஒரே ஒரு பாட்டைச் சேர்த்தாலும் அந்தக் கோப்பு முழுக்கத் திருப்பி எழுதப்படும். ஆல்பம் படங்களை அந்தந்த மாடலின் திரைக்கேற்பச் சுருக்கித் தனியே அடுக்குவதும் சிங்க் நேரத்தில்தான். இதற்கு மேல் ‘128 கிலோபிட் ஏஏசியாக மாற்று’ என்ற கட்டத்தில் யாராவது டிக் போட்டிருந்தால் கதை முடிந்தது: வேலை கேபிளில் இல்லை, கணினியின் பிராசஸரில். அந்த டிக்கை எடுத்துவிட்டு ‘ரிப்பேர் முடிந்தது’ என்று சொல்லலாம். கட்டணம் வாங்குவதா என்பது அவரவர் மனசாட்சி.

சோனி இதே பள்ளத்தில் தானாக விழுந்தது. 2004இல் வந்த என்டபிள்யூ-எச்டி1 வாக்மேனுக்கு எம்பி3யை நேரடியாகப் பாடத் தெரியாது. எல்லாப் பாட்டும் சோனிக்ஸ்டேஜ் மென்பொருளில் ஏட்ராக் வடிவத்துக்கு மாறித்தான் உள்ளே போக வேண்டும். 20 கிகாபைட் வட்டை நிரப்ப நினைத்தவர்களின் பொறுமையைச் சோதித்தது யுஎஸ்பி 2.0 அல்ல, இந்த மாற்றம்தான். வன்பொருள் அருமையாக இருந்தும் மென்பொருள் முடிவு ஒன்றே ஒரு கருவியைப் பின்தள்ளிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் குறைவு.

ஏற்கெனவே ஏற்றிய பாட்டையே மறுபடி மறுபடி ஏற்றும் வியாதி தனி. ஃபேட் முறையில் கோப்பின் நேரம் இரண்டு வினாடித் துல்லியத்தில்தான் பதியும்; கணினியில் இருக்கும் நேரத்தோடு ஒரு வினாடி இடித்தால், ‘இது மாறிய கோப்பு’ என்று சில சிங்க் மென்பொருள்கள் முடிவு கட்டிவிடும். ஆர்சிங்க் பயன்படுத்துவோர் மாடிஃபை-விண்டோ என்ற அமைப்பை 1 என்று வைப்பது இதற்காகத்தான். தவிர, ஃபேட் பதிவது உள்ளூர் நேரம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் நாடுகளில், அந்த மாற்றத்துக்குப் பிறகு மொத்த நூலகமும் புதிதாகத் தெரிந்து முழுசாக மறுபடி ஏறுவது உண்டு. நமக்கு அந்த வழக்கம் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. ஆனால் டேக் திருத்துவது நம்மிடமும் உண்டு. ஐடி3 இரண்டாம் பதிப்பின் டேக் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கிறது. அங்கே மிச்சம் விட்ட இடத்துக்கு மேல் படமோ வரிகளோ சேர்ந்தால் முழுக் கோப்பும் திருப்பி எழுதப்பட்டு, அடுத்த சிங்கில் முழுப் பாட்டும் மறுபடி போகும்.

இன்றைய பிளேயர்களில் டைப்-சி துளை இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். துளையின் வடிவம் வேறு, உள்ளே ஓடும் வேகம் வேறு. 2023இல் வந்த ஐபோன் 15இலேயே டைப்-சி துளைக்குப் பின்னால் இருப்பது யுஎஸ்பி 2.0 வேகம்தான். மெமரி கார்டிலும் அப்படியே: ‘கிளாஸ் 10’ உறுதி தருவது தொடர்ந்து எழுதும்போது வினாடிக்கு 10 மெகாபைட், அதுவும் பெரிய கோப்புக்கு. 32 கிகாபைட்டுக்கு அதுவே ஐம்பது நிமிடத்துக்கு மேல்.

ஆகவே ‘சிங்க் ஸ்லோ’ என்று சீட்டில் எழுதி, கேபிளை மாற்றிக் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை நிறுத்திக்கொள்ளலாம். மேஜையில் இரண்டு சோதனை போதும். 1 கிகாபைட் அளவில் ஒரே கோப்பு. அதே 1 கிகாபைட்டுக்கு 250 பாட்டு. இரண்டும் இழுத்தால் கேபிள், போர்ட், கார்டு பக்கம் பாருங்கள். இரண்டாவது மட்டும் இழுத்தால் கோளாறு கோப்பு முறையிலோ எம்டிபியிலோ ஃபர்ம்வேரிலோ இருக்கிறது; கார்டைக் கழற்றி ரீடரில் போட்டு ஏற்றிப் பாருங்கள். இரண்டுமே சட்டென்று முடிந்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு பிளேயர் ‘நூலகம் புதுப்பிக்கிறது’ என்று சுற்றிக்கொண்டே இருந்தால், டேக்குகளையும் அவற்றில் திணித்த பெரிய படங்களையும் சந்தேகப்படுங்கள்.

மாடல் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு, இந்த இரண்டு சோதனைக்கும் ஆன நேரம் ஆகியவற்றைக் குறித்து வாசகர்கள் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பலாம். தயாரிப்பாளர்கள் பெட்டியில் அச்சிடாத அந்த எண்களை இதழ் அட்டவணையாக வெளியிடும்.