மூன்று ஆட்ட விருந்தாளிகள்

செப்டம்பர் முடிந்து மைதானங்கள் அடைபட்டதும் இங்கிலாந்தின் கவுண்டி ரசிகர்களுக்கு இன்னொரு பருவம் தொடங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு எந்த வெளிநாட்டு ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்யலாம் என்று பெயர்களை உருட்டும் பருவம் அது. இந்த விளையாட்டில் சாமர்செட் ரசிகர்களை மிஞ்ச ஆளில்லை. காரணமும் உண்டு. 18 கவுண்டிகளில், 2025 பருவம் முடிய, சாம்பியன்ஷிப் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லாதவை மூன்றுதான். குளோஸ்டர்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர், சாமர்செட். மூன்றாவதின் துயரம் தனி வகை. 2010இல் நாட்டிங்ஹாம்ஷயருடன் புள்ளிகளில் சமமாக முடித்தும், வெற்றிகளின் எண்ணிக்கை குறைந்ததால் பட்டத்தை இழந்த அணி அது.

அந்தத் துயரத்துக்கு ரசிகர்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்துதான் நமக்கு ஏற்புடையதாக இல்லை. பெரிய பெயர் வேண்டும் என்கிறார்கள். ஏப்ரலில் நான்கு ஆட்டம், செப்டம்பரில் மூன்று ஆட்டம் என்றாலும் பரவாயில்லை, பெயர் பெரிதாக இருந்தால் போதும் என்கிறார்கள். தீபாவளி மலருக்குப் பிரபல எழுத்தாளரின் மேசை இழுப்பறையில் கிடந்த ஏதோ ஒன்றை வாங்கி, அட்டையில் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சிடும் பத்திரிகை ஆசிரியரின் மனநிலை இது.

2019ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெளிநாட்டு வீரராக இருந்த அசார் அலி பாகிஸ்தானுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், கடைசி மூன்று ஆட்டங்களுக்கு நம் முரளி விஜயை அழைத்தார்கள். 60க்கும் மேற்பட்ட டெஸ்ட் ஆடிய, இங்கிலாந்து மண்ணில் டெஸ்ட் சதம் அடித்த தொடக்க ஆட்டக்காரர். காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் செப்டம்பர் மாத டாண்டனில், பழகாத ஆடுகளத்தில், அறிமுகமில்லாத அணியினருடன் மூன்று ஆட்டங்களில் ஒருவர் என்ன செய்துவிட முடியும்? ஓர் அரைச்சதம்கூட வரவில்லை. இதில் விஜயைக் குற்றம் சொல்வது அநியாயம். விருந்துக்கு வந்தவரிடம் வீட்டுக் கணக்கைக் கேட்கக் கூடாது.

அதே செப்டம்பரில் அதே சாமர்செட்டுக்கு எதிராக சௌதாம்ப்டனில் நடந்ததைப் பாருங்கள். ஹாம்ப்ஷயரின் கைல் அபாட் முதல் இன்னிங்ஸில் 40 ரன்களுக்கு 9 விக்கெட், இரண்டாவதில் 46 ரன்களுக்கு 8 விக்கெட். மொத்தம் 17. முதல்தர ஆட்டத்தில் 1956இல் ஜிம் லேக்கர் 19 எடுத்ததற்குப் பிறகு அப்படியொரு பந்துவீச்சு இல்லை. அபாட் யார்? தென்னாப்பிரிக்க டெஸ்ட் வாழ்வை விட்டுவிட்டு 2017இல் அந்தக் கவுண்டிக்கு வந்து குடியேறிவிட்டவர். கடைசி ஆட்டத்தில் டாண்டனில் மழையைச் சாட்சியாக வைத்து, டிரா செய்து பட்டத்தை எடுத்துப்போன எசெக்ஸிலும் அப்படி ஒருவர் இருந்தார். அவர் சைமன் ஹார்மர். 2017இல் 72 விக்கெட், 2019இல் 83 விக்கெட், இரண்டு ஆண்டுகளிலும் பட்டம். 2025 நவம்பரில் கொல்கத்தாவிலும் குவாஹாட்டியிலும் இந்திய அணியைச் சுருட்டியதால் நம்மூரில் இப்போது அவர் பெயர் தெரியும். எசெக்ஸ் அவரை எடுத்தபோது அவரை நட்சத்திரம் என்று எவரும் சொல்லவில்லை. தோற்ற அணியின் தரப்பில், 27 ஆண்டுகள் அங்கேயே ஆடிய மார்க்கஸ் டிரெஸ்கோதிக், பட்டம் இல்லாமலே ஓய்வுபெறும் நாளில், மாற்று ஆட்டக்காரராகச் சில நிமிடங்கள் களத்தில் நின்றார்.

அபாட்டும் ஹார்மரும் 'கோல்பாக்' ஏற்பாட்டில் வந்தவர்கள், அந்த வாசல் 2020 முடிவில் அடைபட்டுவிட்டதே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். வாசல்தான் அடைபட்டது, பாடம் அல்ல. சசெக்ஸை நினைத்துப் பாருங்கள். 1839இல் தொடங்கிய, கவுண்டிக் கழகங்களில் மிகப் பழையது. 2003 வரை ஒரு சாம்பியன்ஷிப்கூட இல்லை. அந்த ஆண்டு அவர்கள் எடுத்தது முஷ்டாக் அகமதை. அவருக்கு வயது 33ஐ எட்டிக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் தேர்வாளர்கள் அவரைக் கிட்டத்தட்ட மறந்திருந்தார்கள். அந்த ஒரு பருவத்தில் 103 விக்கெட் எடுத்தார், முதல் பட்டம் வந்தது. 2006இலும் 2007இலும் மறுபடி வந்தது. ஊர் தன்னுடையவராக எண்ணிக்கொண்ட வெளியூர்க்காரர் அவர்.

வெளியாரே வேண்டாம், மண்ணின் மைந்தர்களே போதும் என்போருக்கும் ஒரு வார்த்தை. யார்க்‌ஷயர் அந்தக் கொள்கையைத்தான் பிடிவாதமாகக் காத்தது. 1968இல் மற்ற கவுண்டிகளுக்குக் கதவு திறந்தபோது நாட்டிங்ஹாம்ஷயருக்கு கார்ஃபீல்ட் சோபர்ஸ் கிடைத்தார். அதே ஆண்டு பட்டம் வென்ற யார்க்‌ஷயர், அடுத்த சாம்பியன்ஷிப்புக்கு 2001 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில், 1992இல், 19 வயது டெண்டுல்கருக்காகத்தான் அந்தக் கதவு முதலில் திறந்தது. அதுவும் முதலில் எடுத்த கிரெய்க் மெக்டெர்மாட் காயம்பட்டதால்.

தேர்வு என்று வரும்போது சாமர்செட்டுக்குப் பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. 1986இல் விவ் ரிச்சர்ட்ஸையும் ஜோயல் கார்னரையும் கழற்றிவிட்டு மார்ட்டின் க்ரோவைக் கொண்டுவர நிர்வாகம் முடிவு செய்தது. உறுப்பினர் கூட்டமும் வாக்களித்து அதை ஏற்றது. போத்தம் வெகுண்டு ஊஸ்டர்ஷயருக்குப் போனார். ஊஸ்டர்ஷயர் 1988, 1989 இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றது. க்ரோ முதுகு வலியால் 1988 பருவத்தைப் பாதியில் விட்டார். க்ரோ சாதாரண ஆட்டக்காரர் அல்லர். அந்த இருவரும் அப்போது மங்கத் தொடங்கியிருந்தார்கள் என்ற வாதத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளாக ஊரோடு ஒட்டியவரை அனுப்புவதன் விலை சராசரிப் பட்டியலில் தெரிவதில்லை.

இப்போதைய நிலையில் ஓர் ஆட்டத்தில் இரண்டு வெளிநாட்டவருக்கு இடம். ஏப்ரல், மே மாதங்களை ஐபிஎல் எடுத்துக்கொள்கிறது, ஆகஸ்டை 'தி ஹண்ட்ரட்' விழுங்குகிறது. மிச்சமிருக்கும் ஓட்டைகளை வழிப்போக்கர்களைக் கொண்டு அடைப்பதே வழக்கமாகிவிட்டது. அஸ்வின் 2021இல் சர்ரேக்கு ஒரே ஆட்டம் ஆடினார். சாமர்செட்டுக்கு எதிராக 27 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். (அதன்பின் அந்தக் கோடையில் இந்தியா ஆடிய நான்கு டெஸ்டிலும் அவரை உட்கார வைத்தது வேறு கதை.) அப்படி அபூர்வமாக ஒன்று பலிப்பதால்தான் பெயர் மோகம் சாகாமல் இருக்கிறது.

நாம் சாமர்செட் நிர்வாகத்தில் இருந்தால் சுழற்பந்து வீச்சாளரைத் தேடமாட்டோம். டாண்டனிலேயே பிறந்த ஜாக் லீச் இருக்கிறார். சைடர் மதுவுக்குப் பேர்போன ஊர் சுழலுக்கும் பேர்போனதால் அதை 'சைடராபாத்' என்றே கேலி செய்கிறார்கள். நமக்கு வேண்டியவர் முப்பதைத் தாண்டிய வேகப்பந்து வீச்சாளர். ஆஸ்திரேலியாவின் ஷெஃபீல்ட் ஷீல்டிலோ தென்னாப்பிரிக்க உள்ளூர் ஆட்டங்களிலோ பத்து ஆண்டு உழைத்தவர், ஐபிஎல் ஏலத்தில் எவரும் கை தூக்காதவர். ஏப்ரல் குளிரில் முதல் ஓவரையும் செப்டம்பர் மங்கலில் கடைசி ஓவரையும் வீச வேண்டும், 14 ஆட்டங்களுக்கும் இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு ஆண்டு ஒப்பந்தம், டாண்டனிலேயே ஒரு வாடகை வீடு.