காத்திருப்பவர் இல்லாத மாதிரி

மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் ஏற்றிய லாரி மட்டாஞ்சேரியை அடைய வாளையாறு, குதிரான், வைட்டிலா, குண்டனூர் ஆகியவற்றைக் கடக்க வேண்டும். நான்குமே நெரிசலுக்குப் பெயர்போன இடங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையாற்று வணிகவரிச் சோதனைச் சாவடிக்கு வேலையில்லாமற் போயிற்று. 2021 ஜனவரியில் வைட்டிலா, குண்டனூர் மேம்பாலங்களும், அவ்வாண்டு ஜூலை இறுதியில் குதிரானின் முதற் சுரங்கப்பாதையும் திறக்கப்பட்டன.

விநியோகச் சங்கிலியைக் கணினியில் உருவகப்படுத்தும் எம்மைப் போன்றோருக்கு இது எளிய கணக்கு. நான்கு தாமதங்களைக் குறைத்தால் மொத்த நேரமும் செலவும் குறையும்; கட்டுரையும் முடிந்துவிடும். என் முதல் மாதிரியும் அப்படித்தான் இருந்தது. சரக்கு இறக்குமிடத்துக்கு அதில் ஒரே ஒரு சராசரி எண்ணை இட்டிருந்தேன். அந்த எண்ணை நான் எங்கும் நின்று அளக்கவில்லை. வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்தேன்.

அந்த ஓர் எண் எவ்வளவு மறைக்கும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு குழு ஒரு லாரியின் சரக்கை இறக்கச் சராசரியாக அரை மணி நேரம் ஆகிறது என்க. பத்து மணி நேரத்துக்கு 16 லாரிகள் வருகின்றன. சராசரிகளை மட்டும் கொண்டு ஓட்டினால் காத்திருப்பே இராது. வரவும் இறக்கும் நேரமும் ஏறி இறங்குவதைக் கணக்கில் கொள்ளும் மிக எளிய வரிசைக் கோட்பாடோ, நீண்டகாலச் சராசரியாக ஒரு லாரி 2 மணி நேரம் காத்திருக்கும் என்கிறது. வரவு 18 ஆனால் நாலரை மணி நேரம். ஓண வாரத்துக்கு இரண்டு லாரிகள் கூடுதலாக வருவது வியப்பன்று.

நிகழ்தகவைச் சேர்த்துவிட்டால் மட்டும் மாதிரி முழுமை பெறுமா? பெறாது என்பதே என் கருத்து. இறக்கும் நேரம் பகடை உருட்டிப் பெறும் எண் அன்று. அதன் பின்னால் 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. கூலி ஒப்பந்தமும், பணி நேரமும், தலையில் சுமக்கும் மனிதரின் களைப்பும் இருக்கின்றன. மனிதர் பேசித் தீர்மானித்த ஒன்றை நாம் 'சமவாய்ப்பு மாறி' என்று எழுதிவிடுகிறோம். காத்திருக்கும் ஓட்டுநரின் இரவோ பெரும்பாலும் எவர் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே மாதிரி இன்னொரு மேம்பாலத்தைப் பரிந்துரைக்கும். இறக்கும் நேரத்தை முறைவைத்துப் பகிர்வதையோ, ஓட்டுநருக்கு ஓர் ஓய்விடத்தையோ பரிந்துரைக்காது.

எளிமைப்படுத்தாத மாதிரி மாதிரியே அன்று என்பர். ஒப்புகிறேன். ஆனால் எதை விடுவது என்பதை முடிவு செய்பவர் நாமே; அம்முடிவுக்குப் பொறுப்பும் நமதே.

ஆய்வேடு எழுதும் நண்பர்களுக்கு இரு வேண்டுகோள்கள். ஒவ்வொரு கால அளவும் எங்கிருந்து வந்தது, அந்தக் காத்திருப்பின் செலவை யார் சுமக்கிறார் என்பதை அட்டவணையிலேயே குறியுங்கள். சமர்ப்பிக்கும் முன் மாதிரியை ஓர் ஓட்டுநரிடமும் ஒரு சுமைத் தொழிலாளரிடமும் விளக்கிக் காட்டுங்கள். அவர்கள் சிரித்தால், நெறியாளரிடம் கொண்டு செல்லும் முன் திருத்துங்கள்.