திருவுளம் என்று சொல்லிவிடலாமா?

இளம் வயதில் சாலையில் உயிர்நீத்த ஒருவரின் அடக்கத்திற்குச் சென்று திரும்புவோர் பேசிக்கொள்வதைக் கேட்டால், இரண்டு சொற்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று, "நேரம்". மற்றொன்று, "ஆண்டவருடைய சித்தம்". துயரத்தில் ஆழ்ந்திருக்கும் தாயின் அருகில் அமர்ந்து ஆறுதல் கூறும்போது இவற்றைச் சொல்வதில் பிழையில்லை. வேறு எதைத்தான் சொல்வது? ஆனால் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, அதே வீட்டின் இளைய மகன் அண்ணனுடைய மோட்டார் சைக்கிளைப் பழுது நீக்கி ஓட்டத் தொடங்கும்போதும் நாம் அதே சொற்களோடு நின்றுவிடுவது முறையாகாது. இம்மரணங்களுக்குக் காரணங்கள் உண்டு. அவை சிலவே, நன்கு அறியப்பட்டவை, அவற்றுள் பலவற்றை நம் வீட்டு வாசலிலேயே தடுத்துவிட முடியும். அவற்றைக் குறித்தே இம்மாதம் எழுத விழைகிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே நாட்டில் முதலிடத்தில் நின்றது. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாளொன்றுக்கு 49 வீடுகளில் சாவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இவை எவ்வாறு நேர்கின்றன என்பதை முறையாக ஆராய்ந்தவர்களுள் ஹாரி ஹர்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் குறிப்பிடத்தக்கவர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவரும் அவருடைய குழுவினரும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்திற்கே சென்று ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டனர். அந்த ஊர் வேறு, சாலை வேறு, வண்டியும் வேறுதான். ஆயினும் வண்டி ஓட்டும் மனிதனின் கண்ணும் கையும் எங்கும் ஒன்றே அன்றோ? அவர்கள் கண்டவற்றைப் படிக்கும்போது நம் ஊர் நாற்சந்தியைப் பார்ப்பது போலவே இருக்கிறது.

நான்கில் மூன்று விபத்துகள் வேறொரு வாகனத்துடன் மோதியதால் நேர்ந்தவை. அவற்றுள் மூன்றில் இரண்டில், மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட வேண்டிய மற்ற வாகனம் வழிவிடாமல் குறுக்கே வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளைத் தான் பார்க்கவே இல்லை என்பதே அந்த ஓட்டுநர்கள் பெரும்பாலும் கூறிய விளக்கம். ஆபத்து கண்ணில் பட்டதற்கும் மோதலுக்கும் இடையில் பெரும்பாலோர்க்கு இருந்த அவகாசம் இரண்டு விநாடிகளுக்கும் குறைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்த இரண்டு விநாடிகளில் 33 மீட்டர் கடந்துவிடும். "எனக்குத்தான் முதல் உரிமை" என்பது சட்டப்படி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நிலைநாட்ட அந்த நேரம் போதாது. எனவே, எதிரே வரும் கார் வலப்புறம் திரும்பக் காத்திருந்தாலும், பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்டோவின் மூக்கு எட்டிப் பார்த்தாலும், அந்த ஓட்டுநர் நம்மைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடுவது அறிவுடைமை. நான்கு வழிச் சாலைகளில் சுற்றிவரச் சோம்பி எதிர்த்திசையில் ஓரமாக வருகிறார்களே, அவர்களைப் பற்றி என்ன எழுதுவது! பெட்ரோலில் மிச்சம் பிடிப்பது ஐந்து ரூபாய்கூட இராது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் அறிந்ததே. ஒன்று மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் இருமடங்கன்று, நான்கு மடங்கு.

பிரேக்கைப் பற்றியோ சற்று விரிவாகவே எழுத வேண்டும். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்னும் உபதேசம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்தைப் போல வந்துகொண்டிருக்கிறது. இதன் விளைவாக, ஆபத்து வரும்போது நம் பிள்ளைகள் பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதிக்கின்றனர். பின்சக்கரம் சுழல்வதை நிறுத்திச் சறுக்குகிறது. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது. ஹர்ட் குழுவினரும் இதையே கண்டனர்: பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து, முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தாமல் விட்டவர்களே மிகுதி. வண்டி நிற்க முயலும்போது அதன் எடையும் நம் எடையும் முன்சக்கரத்தின்மேல் சாய்கின்றன. ஆகவே நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன் பிரேக்கிலேதான் இருக்கிறது. அது தூக்கி எறிவது, ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணலிலோ வெடுக்கென்று பிடித்தால். வண்டி நேராக இருக்க, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவது போலச் சிறிது சிறிதாக இறுக்கிப் பிடித்தால் வண்டி அடங்கி நிற்கும். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புது வண்டிகளில், சிறியவற்றில் இரு பிரேக்குகளும் இணைந்து செயல்படும் அமைப்பும், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் சறுக்காமல் காக்கும் அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. நல்லதே. எனினும் நம் தெருக்களில் பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்த வண்டியாயினும், ஆளில்லாத மைதானத்தில் ஒரு ஞாயிறு மாலை பிரேக் பிடித்துப் பழகுவது வீண் வேலையாகாது. ஹர்ட் ஆராய்ந்த விபத்துகளில் சிக்கியவர்களுள் நூற்றுக்கு 92 பேர், தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

இனி நம் தாய்மார்களுக்கு. பின்னிருக்கையில் ஒருபுறமாக அமர்ந்து, மடியில் குழந்தையையும் கையில் பையையும் வைத்துக்கொண்டு செல்லும் காட்சி நமக்குப் பழகிவிட்டது. அவர் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. வண்ணம் பூசாத வேகத்தடை ஒன்று இருட்டில் வந்தால், ஓட்டுகிற கணவர் ஹேண்டிலைப் பிடித்துத் தப்பிக்கொள்கிறார், விழுகிறவர் மனைவியே. அதைவிடக் கொடியது முந்தானையும் துப்பட்டாவும். காற்றில் பறக்கும் துணியின் நுனி சக்கரக் கம்பிகளிலோ சங்கிலியிலோ சிக்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் சுற்றிக்கொள்ளும். துப்பட்டா கழுத்தைச் சுற்றியிருந்தால் நேர்வதை எழுதக் கை கூசுகிறது. இதற்காகவே, பின்சக்கரத்தில் பாதியளவேனும் மறைக்கும் தடுப்பும், பின்னிருப்பவர்க்குக் கைப்பிடியும், காலை வைக்கும் மிதியும் வண்டியில் இருந்தாக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. ஆனால் கடையிலிருந்து வண்டி வீட்டுக்கு வந்த மறுவாரமே, அழகைக் கெடுக்கிறதென்று அந்தத் தடுப்பைக் கழற்றிவிடும் வாலிபர்கள் உண்டு. அம்மாவையும் தங்கையையும் ஏற்றிச் செல்லும் வண்டி இது என்று வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். புறப்படுமுன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வதும், துப்பட்டாவைப் பின்னால் தொங்கவிடாமல் முன்புறம் முடிந்துகொள்வதும் அரை நிமிட வேலை. கூடுமானால் இருபுறமும் காலிட்டு அமர்வதே மேல்.

ஞாயிறு காலையில் ஆலய வாசலில் நின்றால் வேறொன்றும் தெரியும். தந்தை, தாய், பெட்ரோல் டாங்கின்மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, கைக்குழந்தை ஒன்று. சட்டம் இரு சக்கர வண்டியில் இருவரையே அனுமதிக்கிறது. இவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. கார் வாங்க வசதியில்லை. பூசை நேரத்திற்குப் பேருந்தும் இல்லை. ஆயினும் தந்தை இருமுறை வந்து போவது நடக்கக்கூடியதே. அருகில் குடியிருக்கும் பங்கு மக்களின் காரில் இரண்டு இடம் காலியாக வருவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

சாலையின் நிலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கோடையில் புழுதியும் எண்ணெயும் படிந்த சாலையில் முதல் மழைத்துளிகள் விழும் வேளையே வழுக்கல் மிகுந்தது. அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோலும் நெல்லும் சக்கரத்தின் பிடிப்பைக் கெடுக்கும். இரவில் விளக்கின்றி நிற்கும் லாரியும் கரும்பு ஏற்றிய டிராக்டரும் கண்ணுக்குத் தெரியுமுன் மிக அருகில் வந்துவிடும். ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள் சாலையோரம் இரவெல்லாம் சாரிசாரியாகச் செல்வர். அவ்வழியில் செல்வோர் முன்விளக்கைத் தாழ்த்தி மெதுவாகச் செல்லக் கடமைப்பட்டவர்கள். நடப்பவர்களும் முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டால் நல்லது.

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியும் புத்தாண்டுத் திருப்பலியும் முடிந்தபின், பங்குத் திருவிழாவின் தேர்பவனி முடிந்தபின், நம் இளைஞர்கள் சிலர் எங்கே சென்றுவிட்டு எந்த நிலையில் வண்டியை எடுக்கின்றனர் என்பது பெற்றோர் அறியாததன்று. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் 2290-ஆம் பத்தியில், குடிபோதையினாலோ வேக மோகத்தினாலோ சாலையில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்திற்கு உள்ளாகின்றனர் என்று போதிக்கிறது. இப்போதனை ஐந்தாம் கட்டளையின் விளக்கத்திலே இடம்பெற்றிருக்கிறது. 2007-இல் திருப்பீடம் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியும், ஓட்டுநர்க்கென வகுத்த பத்துக் கட்டளைகளில் கொலை விலக்கும் கட்டளையையே முதலில் வைத்தது. பாவசங்கீர்த்தனத்திற்குத் தயாரிக்கும்போது ஐந்தாம் கட்டளையை "நமக்கு இது பொருந்தாது" என்று தாண்டிச் செல்பவர்கள், வண்டிச் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

தலைக்கவசத்துக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து 2015 ஜூலை முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் அது கண்டிப்பாக நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அப்படியிருந்தும் முழங்கையில் மாட்டிக்கொண்டும் டாங்கின்மேல் வைத்துக்கொண்டும் போகிறவர்களைப் பார்க்கிறோம். "பக்கத்துக் கடைக்குத்தானே" என்பது வழக்கமான பதில். ஹர்ட் அறிக்கையோ, புறப்பட்ட இடத்துக்கு அருகில், குறுகிய பயணங்களிலேயே விபத்துகள் மிகுதியாக நேர்ந்தன என்கிறது. 2022-இல் நம் நாட்டில் தலைக்கவசமின்றி இறந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, தலைக்கவசம் மரண ஆபத்தை நூற்றுக்கு 42 பங்கும் தலைக்காயத்தை 69 பங்கும் குறைக்கிறது என்று கண்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். தாடைப்பட்டையைப் பூட்ட வேண்டும், இல்லாவிடில் விழும்போது தலைக்கு முன்பே அது பறந்துவிடும். ஒருமுறை விபத்தில் அடிபட்டதை, வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், மறுபடி அணியலாகாது. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் சட்டப்படி தலைக்கவசம் வேண்டும். மகனுக்கு எண்பதாயிரத்தில் வண்டி வாங்கும் தந்தை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கவசத்திற்குப் பேரம் பேசுவது நமக்கு விளங்காத கணக்கு.

அந்த வண்டி யாருக்கு, எப்போது என்பதும் கேள்வியே. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றால் மோட்டார் சைக்கிள் என்று வாக்களிக்கும் பெற்றோர் பெருகிவிட்டனர். கியர் வண்டிக்கு உரிமம் பெறும் வயது 18. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், வயது வராத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கே மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம் என்கிறது. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். "அவன் கேட்டால் மறுக்க முடியவில்லை" என்னும் தாய்மார்கள், பிள்ளையின் மூன்று நாள் கோபத்தைத் தாங்கிக்கொள்வது எளிது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

இவ்வளவுக்குப் பின்னும் சாலையில் ஒருவர் விழுந்து கிடப்பதை நாம் காண நேரலாம். நல்ல சமாரியனின் உவமையை ஆண்டுதோறும் கேட்கும் நாம், போலீஸ் வழக்குக்கு அஞ்சி வண்டியைத் திருப்பிக்கொண்டு போகத் தேவையில்லை. நல்லெண்ணத்தோடு உதவுபவரைச் சட்டம் காக்கிறது. அவர் தம் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தின்படி, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆகவே செலவுக்கு அஞ்சியும் தயங்க வேண்டாம். அடிபட்டவரின் தலைக்கவசத்தை அவசரப்பட்டு இழுத்துக் கழற்றலாகாது; கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அதுவே கேடாகும். மயங்கியிருப்பவர்க்குச் சோடாவோ தண்ணீரோ புகட்டினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். 108-ஐ அழைத்து, ஊரின் பெயரோடு அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால், ஆம்புலன்ஸ் தேடி அலையாமல் வந்து சேரும்.