நேரு வீதி யாருக்கு?

"இந்த வயசுல எதுக்கு சார் கடைத்தெருவுக்கு அலையறீங்க? ஃபோன்ல சொன்னா வீட்டுக்கே வந்துடுமே!"

வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். என் பிள்ளை கேட்கிறான். பக்கத்து வீட்டு மருமகப் பெண் கேட்கிறாள். வங்கியில் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கூடக் கேட்கிறார். எல்லோரும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. "கடைத்தெரு இனி உங்களுக்கு இல்லை, வீட்டோடு இருங்கள்" என்பதே அந்தத் தீர்ப்பு. அதை நான் ஏற்கவில்லை. நீங்களும் ஏற்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்குப் போவதென்றால் சாமான் வாங்கி வருவது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஃபோன் போதும். நம் தலைமுறைக்கு அது அப்படி இல்லை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அந்த மொழியில் 'ஃப்ளானே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அவசரம் இல்லாமல், இன்ன இடத்துக்கு என்று தீர்மானிக்காமல், வேடிக்கை பார்த்துக்கொண்டே தெருவில் நடப்பது என்று பொருள். நாம் காலாற நடப்பது என்கிறோமே, அதற்குக் கிட்டத்தட்ட வரும். இன்னொரு சொல் 'லெஷ்-வித்ரீன்'. நேராகத் தமிழில் சொன்னால் 'கடைக் கண்ணாடியை நக்குவது'. காசு இல்லாதவன் கண்ணாடிக்கு வெளியே நின்று பண்டத்தைப் பார்த்துப் பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்வதற்கு அந்தப் பெயர். ஆசிரியர் விளக்கியபோது வகுப்பே சிரித்தது. சிரித்த அத்தனை பேரும் அன்று சாயங்காலம் நேரு வீதியில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அது முன்பு துய்ப்ளெக்ஸ் வீதி. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு நேரு வீதி ஆயிற்று. என் பாட்டி கடைசி வரை பழைய பெயரைத்தான் சொன்னாள். பெயர் எதுவாக இருந்தாலும் புதுச்சேரிக்காரனுக்கு அது வெறும் போக்குவரத்துப் பாதையாக இருந்ததில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே அரசாங்கம், மேற்கே நம் சனங்கள் என்று இரண்டாகக் கிடந்த ஊரில், எல்லோரும் கலந்து நடந்த வீதி அது. பிரான்சு பென்ஷன் வாங்கும் சொல்தாவும், மில் தொழிலாளியும், எங்களைப் போன்ற குமாஸ்தாவும் ஒரே கடை வாசலில் தோள் உரசி நின்றோம்.

நான் எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம் தருவார்கள். பத்துத் தவணையில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பது தெரிந்தும், பணம் கைக்கு வந்த அடுத்த விடுமுறை நாள் எங்கள் குடும்பத்துக்குக் கடைத்தெரு நாள். காலையில் பெரிய மார்க்கெட். முதலில் பூ, பிறகு காய். மீன்கார அம்மாவிடம் விலை கேட்டு, அவர் சொன்ன விலைக்கு முகம் சுளித்து, அவரிடம் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் அவரிடமே வாங்குவது. அங்கிருந்து வெளியே வந்தால் இந்தியன் காபி ஹவுஸ், தலைப்பாகை கட்டிய சிப்பந்தி கொண்டுவரும் காபி. பிறகு துணிக்கடை. ஒரு கடையில் பார்த்து, இரண்டாவது கடையில் விலை விசாரித்து, மூன்றாவது கடையில் எடுப்போம். மதியம் 1 மணிக்குக் கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். இனி 4 மணிக்குத்தான். வெளியூர்க்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள். கடைக்காரனும் மனுஷன், அவனும் சாப்பிட்டுத் தூங்க வேண்டும் என்று அறிந்திருந்த ஊர் இது. நாங்களும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தெழுந்து, மாலையில் மறுபடி மிஷன் வீதி வழியாக வருவோம். பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா, செருப்பு. எல்லாம் முடிய இரவு 8 மணி ஆகும்.

அந்த நாளில் வாங்கிய பொருள் எதுவும் இன்று வீட்டில் இல்லை. அந்த நடைதான் நினைவில் நிற்கிறது. வழியில் பத்துப் பேரைப் பார்ப்போம். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிரிவில் யாருக்கு மாற்றல் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். இதை எந்த ஃபோன் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும்?

அப்படி ஒரு நாள் முழுக்க நடக்க முடிந்ததற்குக் காரணம் வெறும் இளமை இல்லை. எழுபது தாண்டிய என் பாட்டியும் கூடவே வந்தாள். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள். நம் பக்கத்து வீடுகளுக்குத் தெருவைப் பார்த்த திண்ணை உண்டு. அதற்கும் முன்னால், மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம் உண்டு. திண்ணை வழிப்போக்கன் உட்கார, தாழ்வாரம் அவனுக்கு நிழல் தர. வீட்டுக்காரன் தன் செலவில் தெருவில் போகிறவனுக்குச் செய்த மரியாதை அது. வைசியாள் வீதியில் இன்றும் மிச்சம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். வெளிநாட்டுக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கடைத்தெருவிலோ திண்ணையை இடித்து ஷட்டர் போட்டோம். தாழ்வாரத்தை எடுத்துவிட்டுப் பெயர்ப் பலகை வைத்தோம். அதற்குப் பதிலாக ஒரு பெஞ்சு? இல்லை. ஒரு மரம்? தேட வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் அவசரத்துக்கு ஒதுங்க ஒரு சுத்தமான கழிப்பிடம்? கேட்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க நம்மில் பாதிப் பேர் பயப்படுவது இந்த ஒன்றுக்காகத்தான். கூச்சத்தால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்று அந்த வீதியில் நடந்து பாருங்கள். நடைபாதை என்று இருப்பதில் இரு சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வண்டி இல்லாத இடத்தில் கடைக்காரரின் பொம்மை புடவை கட்டிக்கொண்டு நிற்கிறது. அதையும் தாண்டினால் ஒரு கடைக்கு ஒரு உயரம், ஒரு கடைக்கு ஒரு சரிவு. ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. கடைசியில் தார் சாலையில் இறங்கி, பின்னால் வரும் ஹாரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். என்னோடு முப்பது வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் இப்படி ஒரு சரிவில் கால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு வருஷமாக வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அவர் போனது பேரனுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்க.

இங்கே நம் வயதுக்காரர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. காலை நடையில் இந்தப் பேச்சு வந்தால் உடனே, "எல்லாம் இந்தத் தரைக்கடைக்காரங்களால, சண்டே மார்க்கெட்டை முதல்ல எடுக்கணும்" என்கிறார்கள். நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிக்குப் போய் நிதானமாகப் பாருங்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அங்கே நடப்பவன் ராசா, வண்டிக்காரன் ஒதுங்கிப் போகிறான். மற்ற ஆறு நாளும் நம்மைத் தெருவில் இறக்கிவிடுவது கர்ச்சீஃப் விற்கும் பையன் இல்லை, பூட்டி நிறுத்திவிட்டுப் போன வண்டி. தரைக்கடைக்காரர்களுக்கு 2014-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. ஊருக்கு ஊர் விற்பனைக் குழு அமைத்து, அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளையே உட்காரவைத்து, இடத்தை ஒழுங்கு செய்யச் சொல்கிறது. முறைப்படி கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை அப்புறப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. நடைபாதையில் பூட்டி நிறுத்திய வண்டிக்கு அப்படி எந்தச் சட்டமும் காவல் நிற்கவில்லை. ஆனாலும் நம் கோபம் தரையில் உட்கார்ந்திருப்பவன் மேல்தான் பாய்கிறது, ஏனென்றால் வண்டி நம் வீட்டுப் பிள்ளையுடையது.

சட்டம் நம் பக்கம் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட விதிமுறை இருக்கிறது. தடை எதுவும் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர். ரோட்டிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. அதாவது ஆறடி அகலம், அரையடி உயரம். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்துகொள்ளுங்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றே சொல்லிவிட்டது. இதற்கு மேல் யார் வந்து சொல்ல வேண்டும்?

"வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்" என்பார்கள் கடைக்காரர்கள். நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் தினமும் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிக்கு வேலை இல்லை. அங்கே கூட்டம் குறைந்ததா, கூடியதா? சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாரை 2019-ல் அகலமான நடைபாதை வளாகமாக மாற்றினார்கள். பெயரில் நம் ஊர் இருப்பது போலத் தோன்றினாலும் அது சௌந்தரபாண்டியனார் பெயரில் வந்த அங்காடி. பெயரளவில் பாண்டியாக இருப்பதற்கே பெஞ்சும் நடைபாதையும் கிடைத்தன, அசல் பாண்டிக்குக் கிடைக்கவில்லை. டில்லியில் சாந்தினி சவுக்கின் முக்கிய வீதியில் 2021 முதல் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்குத் தடை. பாரீசில் ஷான்ஸெலிஸே போன்ற ராஜபாட்டையையே 2016 முதல் மாதத்தின் முதல் ஞாயிறு நடப்பவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பாதி வீட்டுக்குப் பிரான்சில் சொந்தக்காரர் உண்டு, கேட்டுப் பாருங்கள். அந்த வீதியைவிட நேரு வீதிக்கு அவசரம் அதிகமா?

கடைக்காரர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வண்டியில் வருபவன் ஒரு கடைக்கு வருகிறான், வாங்குகிறான், போய்விடுகிறான். நடந்து வருபவன் பத்துக் கடையைப் பார்க்கிறான். வாங்க நினைக்காததையும் வாங்குகிறான். நிதானமாக நடப்பவனை விரட்டிவிட்டு, இணையக் கடைகள் வியாபாரத்தைக் கெடுக்கின்றன என்று புலம்பிப் பயனில்லை. எங்களை அந்தப் பக்கம் தள்ளியதில் கடை வாசல் சரிவுக்கும் பங்கு உண்டு.

யாரிடம் கேட்பது என்பதுதான் நம் ஊரின் தனிச் சங்கடம். இங்கே நகராட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006-ல். அந்த ஐந்தாண்டு 2011-ல் முடிந்தது, அதற்குப் பிறகு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் முகத்தை நாம் பார்க்கவில்லை. கவுன்சிலர் இல்லாத ஊரில் பெஞ்சு கேட்க ஆள் இல்லை. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. தினமும் மாலை 5 முதல் 9 வரை நேரு வீதியின் கடைப் பகுதியில் வண்டி வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டும் விலக்கு. நடைபாதை ஒரே மட்டமாக இருக்கட்டும். நூறடிக்கு ஒரு பெஞ்சு, வீதிக்கு இரண்டு கழிப்பிடம். தரைக்கடைக்காரர்களுக்குக் கோடு போட்ட இடம். இவ்வளவுதான்.

வேலையில் இருந்தவரை தபால் பிரிவைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வாய்ப்பேச்சு கோப்பாகாது. வெள்ளைத் தாளில் நகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தபால் எண்ணும் வாங்குங்கள். ஒரு மாதம் பொறுத்து, தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, "என் மனு எண் இன்னது, அதன் மேல் எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ஒருவர் கேட்டால் மேசையில் கிடக்கும், ஐம்பது பேர் கேட்டால் மேலே போகும். நமக்கு நேரம் இருக்கிறது, கையெழுத்தும் நன்றாக இருக்கிறது.

என் மனுவை நேற்று கொடுத்துவிட்டேன், எண்ணும் வாங்கிவிட்டேன். உங்களுடையதைக் கொடுத்ததும் ஒரு வரி எழுதுங்கள். கணக்கு வைத்துக்கொள்கிறேன்.