200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் கேம் 'லேக்' ஆவது ஏன்? ஏர்ஃபைபர் வீடுகளுக்கு ஓர் அலசல்

'நெட் ஃபுல் ஸ்பீடுலதான் இருக்கு. ஆனா, கேம் மட்டும் இழுத்து இழுத்து ஓடுது!'

மொட்டை மாடியில் ஏர்ஃபைபர் பெட்டி ஏறிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ஸ்பீடு டெஸ்ட் 150 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஓடிடி படம் தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. ஆனால், பிஜிஎம்ஐ-யில் எதிரியைக் குறிபார்க்கும் அந்த நொடியில் திரை உறைந்துவிடுகிறது. மறுபடி உயிர் வரும்போது ஆட்டம் முடிந்திருக்கிறது.

அடுத்து என்ன நடக்கும்? 'போன் பழசுப்பா, புதுசு வாங்கிக்கொடு' என்பான் மகன். கடைக்காரர் 'கேமிங் ரவுட்டர்' ஒன்றை எடுத்துக் காட்டுவார். கஸ்டமர் கேரில், 'பெரிய பிளானுக்கு மாறுங்க சார்' என்பார்கள். மூன்றுக்கும் காசு போவது உங்கள் பாக்கெட்டிலிருந்து. கோளாறு எங்கே என்றே தெரியாமல் செலவழித்தால், பிரச்னை அப்படியே இருக்கும். பணம் மட்டும் போயிருக்கும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2023 ஆகஸ்டில் ஏர்டெல், டெல்லியிலும் மும்பையிலும் 5ஜி வழி வீட்டு இணைய சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 19-ம் தேதி, சென்னை உட்பட 8 நகரங்களில் ஜியோ ஏர்ஃபைபர் அறிமுகமானது. ஃபைபர் கேபிள் எட்டிப்பார்க்காத தெருக்களுக்கும் நல்ல இணையம் வந்தது பெரிய விஷயம்தான். ஆனால், மண்ணுக்கடியில் வரும் கேபிளுக்கும் காற்றில் வரும் அலைக்கும் குணம் வேறு. அந்த வித்தியாசத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இன்னொரு பக்கம், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தடை போட்டது, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கம் கொடுத்தாகிவிட்டது. 'வெறும் கேம்தானே' என்று இனி ஒதுக்கிவிட முடியாது. கேமே ஆடாத வீடாக இருந்தாலும், ஆன்லைன் இன்டர்வியூவில் குரல் விட்டுவிட்டுக் கேட்பதும், டாக்டருடன் வீடியோ காலில் பேசும்போது படம் உறைவதும் இதே நோயின் அறிகுறிகள்தான்.

வேகம் வேறு, தாமதம் வேறு

எம்பிபிஎஸ் என்பது சாலையின் அகலம். ஓஎம்ஆர் ஆறு வழிச்சாலைதான். அதற்காக சிக்னலில் நிற்காமல் போய்விட முடியுமா? கேமுக்கு அகலம் அதிகம் தேவையில்லை. பெரும்பாலான ஆன்லைன் கேம்கள் ஆடும்போது செலவாகும் டேட்டா, ஒரு ஹெச்டி படத்துக்கு ஆவதைவிட மிகக் குறைவு. அதற்குத் தேவை மூன்று விஷயங்கள்.

ஒன்று, பிங். நீங்கள் அனுப்பிய தகவல் சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர எடுக்கும் நேரம். இதை மில்லி செகண்டில் அளப்பார்கள். இரண்டு, ஜிட்டர். அந்த நேரம் ஒரே சீராக இருக்கிறதா, 30, 140, 45 என்று எகிறிக் குதிக்கிறதா என்பது. மூன்று, பாக்கெட் லாஸ். அனுப்பிய தகவல் பொட்டலங்களில் எத்தனை வழியிலேயே தொலைந்தன என்பது.

படம் பார்க்கும்போது ஆப் முன்கூட்டியே சில நொடிகளுக்கான காட்சியை இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. கேமில் அந்த வசதி கிடையாது. அரை நொடிக்கு முன் எதிரி எங்கே நின்றான் என்ற தகவல் இப்போது வந்து என்ன பயன்? அதனால்தான் ஸ்பீடு டெஸ்ட் பாஸ் ஆகும் வீட்டிலும் கேம் ஃபெயில் ஆகிறது.

மூன்று துண்டுகளாகப் பிரியுங்கள்

உங்கள் போனிலிருந்து கேம் சர்வர் வரை உள்ள பாதையை மூன்றாகப் பிரிக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் வைஃபை, மாடிப் பெட்டியிலிருந்து டவர் வரை, டவரிலிருந்து சர்வர் வரை. எது பழுது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும்.

கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, 'பிங்' என்ற கட்டளையை ரவுட்டரின் முகவரிக்குக் கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.29.1 என்று இருக்கும்; வைஃபை செட்டிங்ஸில் 'கேட்வே' என்ற இடத்தில் பார்க்கலாம். போனில் இதற்கென்றே இலவச ஆப்கள் உண்டு. ரவுட்டர் உங்கள் வீட்டுக்குள்தானே இருக்கிறது? பதில் சில மில்லி செகண்டில் வந்துவிட வேண்டும். இங்கேயே அடிக்கடி 50, 100 என்று எகிறினால், அல்லது பதில் வராமல் போனால், குற்றவாளி உங்கள் வைஃபைதான். டவரைத் திட்டிப் பயனில்லை.

ரவுட்டர் வரை சுத்தமாக இருக்கிறதா? இப்போது 8.8.8.8 அல்லது 1.1.1.1 முகவரிக்கு அதே சோதனை. இங்கே தடுமாறினால், சிக்கல் மாடியிலோ டவரிலோ. இதை அதிகாலை 5 மணிக்கு ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை செய்து பாருங்கள். காலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் கெட்டால், டவரில் கூட்டம் என்று அர்த்தம். இரண்டும் நன்றாக இருந்து கேமில் மட்டும் பிங் ஏறினால், சர்வர் தூரமாக இருக்கலாம், அல்லது பாதை சுற்றிப் போகலாம்.

வீட்டுக்குள் கோளாறு என்றால்

முதல் வைத்தியம், ஒரு லேன் கேபிள். கேட்-5இ கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகம் தாங்கும். கம்ப்யூட்டர், கன்சோல் என்றால் நேராகச் செருகிவிடலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் டைப்-சி அடாப்டர் மூலம் கேபிள் மாட்டலாம்.

கேபிள் முடியாதென்றால், 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அபார்ட்மென்ட்டில் இருபது வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். ப்ளூடூத் ஹெட்செட்டும், சமையலறை மைக்ரோவேவ் அவனும் அதே அலைவரிசைப் பகுதியில்தான் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகத் திணறும் என்பதால், ரவுட்டரை டிவிக்குப் பின்னாலோ, பீரோவின் மேலோ ஒளித்து வைக்காதீர்கள்.

வயர்லெஸ் எக்ஸ்டெண்டர் சிக்னல் புள்ளிகளைக் கூட்டிக் காட்டும். ஆனால், தகவல் ஒரு தாவலுக்குப் பதில் இரண்டு தாவல் தாவ வேண்டியிருப்பதால் தாமதமும் கூடும்.

யாரோ அப்லோடு செய்கிறார்களா?

பலரும் கவனிக்காத வில்லன் இது. நீங்கள் மேட்ச்சில் இருக்கும்போது, அம்மாவின் போன் கல்யாண வீடியோக்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும். வாசல் சிசிடிவி கேமராவும் சேர்ந்துகொள்ளும். ஏர்ஃபைபரில் அப்லோடு பாதை பொதுவாகக் குறுகல். அந்த வரிசையில் உங்கள் கேமின் குட்டிப் பொட்டலமும் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

இதை ஃபாஸ்ட் டாட் காம் தளத்திலேயே பார்க்கலாம். கூடுதல் விவரங்களைத் திறந்தால், லைன் சும்மா இருக்கும்போது எவ்வளவு தாமதம், சுமை ஏறும்போது எவ்வளவு என்று தனித்தனியே காட்டும். 40 என்பது 300 ஆகிறதென்றால் வியாதி தெரிந்துவிட்டது. பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றுங்கள். அதுவும் போதாதென்றால், 'எஸ்க்யூஎம்' வசதியுள்ள ரவுட்டரில் வேக வரம்பை, இரவு நேரத்தில் கிடைக்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். புது ரவுட்டருக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருப்பது இந்த இடத்தில்தான்.

மாடியில் கோளாறு என்றால்

5ஜி அலைகளில் பெரும்பகுதி ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு கான்கிரீட் ஆகாது, அடர்ந்த மரமும் ஆகாது. பெட்டி பொருத்தியபோது இல்லாத பக்கத்து வீட்டு மாடி இப்போது எழும்பியிருக்கலாம். சிக்னல் விவரத்தில் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நன்று. மைனஸ் 110-க்குக் கீழே போனால் பலவீனம். எஸ்ஐஎன்ஆர் 20-க்கு மேல் சிறப்பு. பூஜ்யத்தை நெருங்கினால் இரைச்சல் அதிகம். நீங்களே கம்பத்தில் ஏறித் திருப்ப வேண்டாம். டெக்னீஷியனை அழைத்து, இந்த எண்களைக் காட்டி, திசையை மாற்றச் சொல்லுங்கள்.

ஏமாறாமல் இருக்க

கேமில் சர்வரைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மும்பையோ சென்னையோ வையுங்கள். சென்னை - சிங்கப்பூர் கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 32 மில்லி செகண்ட் ஆகியே தீரும். எந்த 'கேம் பூஸ்டர்' ஆப்பும் இதைக் குறைக்க முடியாது. டிஎன்எஸ் மாற்றுவது இணையதளம் சீக்கிரம் திறக்க உதவலாம். மேட்ச்சுக்குள் பிங்கைக் குறைக்காது.

கேட்கவேண்டிய கேள்வி

2024 அக்டோபரில் அமலுக்கு வந்த டிராயின் சேவைத்தர விதிமுறைகளில் தாமதம், ஜிட்டர், பாக்கெட் இழப்பு ஆகியவையும் அளவுகோல்களாக இருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால், பெரிய பகுதிக்கான சராசரி நன்றாக இருப்பதால், உங்கள் தெருவின் இரவு 9 மணி நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய இணைய நிறுவனங்கள், உணவுப் பொட்டலத்தில் உள்ள சத்து விவரம்போல, வேகத்துடன் வழக்கமான தாமதத்தையும் அச்சிட்டுக் காட்ட வேண்டும். நம்மூர் பிளான் விளம்பரங்களில் எம்பிபிஎஸ் இருக்கிறது, ஓடிடி பட்டியல் இருக்கிறது. அந்த எண்ணைத் தேடினாலும் கிடைப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டும்.

அதுவரை, ஒரு வாரம் காலை, இரவு சோதனைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'நெட் ஸ்லோ' என்று புகார் செய்தால் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டி முடித்துவிடுவார்கள். 'இரவு 9 மணிக்கு ரவுட்டரைத் தாண்டி 6 சதவிகிதம் பாக்கெட் லாஸ்' என்று எழுதுங்கள். புகார் எண்ணை வாங்குங்கள். தீராவிட்டால் 30 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கும் நடக்கவில்லையா? தொலைத்தொடர்பு வாடிக்கையாளர்கள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புது போனுக்கு இஎம்ஐ போடுவதற்கு முன்னால், முதலில் அந்தப் பத்து நிமிடச் சோதனை!