பட்டாவில் பெயரில்லாத உழவர்

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 921இல் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு குடவோலை முறையை விரித்துரைக்கிறது. 30 குடும்புகளிலிருந்தும் உறுப்பினரைத் தேர்ந்து, ஏரிவாரியம், தோட்டவாரியம் என வேளாண்மையின் அடித்தளத்தைப் பேணிய ஊர் அது. ஆயினும் உறுப்பினராக விரும்புவோர்க்கு இறை செலுத்தும் கால்வேலி நிலமேனும் வேண்டும். அரைக்கால் வேலி உடையார்க்கோ வேதக்கல்வியும் உடன்வேண்டும். நிலமில்லா உழுகுடிக்கு அதில் இடமில்லை.

அந்நிபந்தனையின் நிழல் இன்றும் முற்றாக விலகவில்லை. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு கிராமசேவகர் ஊருக்கு வந்தார். பின்னர் வந்த பயிற்சி மற்றும் பார்வையிடல் முறையில், வேளாண் அலுவலர் குறித்த நாளில் வந்து தொடர்பு உழவரைச் சந்தித்தார். தொடர்பு உழவர் பெரும்பாலும் நிலமுடைய ஆடவரே. அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்னதாகும் என்பது அக்கால நம்பிக்கை.

திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுந்தபின் அந்நம்பிக்கை தளர்ந்துவிட்டது. விடியுமுன் நிறுவனப் பேருந்தில் ஏறிச் செல்பவரின் பெயரில் பட்டா இருக்கிறது. மடை திறப்பதும் உரமிடுவதும் அவர்தம் மனைவியோ, வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்தவரோ ஆகிறார்.

இதனை முன்னரே உணர்ந்த முயற்சி ஒன்று உண்டு. 1986இல் டென்மார்க் நாட்டின் உதவியோடு தொடங்கிய ‘தான்வா’ திட்டத்தில், பெண் அலுவலர்கள் பெண்களைத் தேடி ஊர்களுக்கே சென்றனர். முட்டை மிதக்குமளவு உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டி, மேலே மிதக்கும் பதரை நீக்குவது போன்ற எளிய நுட்பங்கள் கற்பிக்கப்பட்டன. கற்றவர் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பெரிய கருவி எதுவுமில்லை. கேட்க வேண்டியவரிடமே சொன்னதுதான் அதன் சிறப்பு.

2018இல் வந்த ‘உழவன்’ செயலி பயனுடையதே. ஆனால் வீட்டின் ஒரே திறன்பேசி கணவரோடு ஆலைக்குப் போய்விட்டால், வயலில் நிற்பவருக்கு அதனால் என்ன பயன்?

பட்டா, சிட்டா கேளாமல் மானியம் வழங்கினால் ஒரே நிலத்திற்கு இருவர் பெறக்கூடும் என்பர். அது நியாயமான அச்சமே. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், உரிமை போய்விடுமோ என அஞ்சும் நிலவுடைமையாளர் எழுத்தில் தர இசைவதில்லை. அச்சிக்கல் தீர நாளாகும். அறிவுரைக்கும் பயிற்சிக்கும் அத்தகைய தடை எதுவுமில்லை. இலைச்சுருட்டுப் புழுவைக் காட்டித் தரப் பட்டா எதற்கு? பயிற்சிக்கான பெயர்ப்பட்டியலை நிலப்பதிவேட்டிலிருந்து எடுக்காமல், வரப்பில் நின்று, “இந்த வயலுக்கு மடை திறப்பவர் யார்?” என்று கேட்டு எழுதலாம். அதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. அலுவலர் வரும் நேரத்தை மட்டும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் வீடு திரும்பும் வேளைக்கு மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.