முதலில் நிற்கட்டும், பிறகு பறக்கட்டும்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது. அதன் பான்டியாக் பிரிவுப் பொறியாளர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டார்கள். 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரை வாங்குபவர்கள் விரும்பினால் கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் துணைப் பொருளாக விலைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 1964 மாடலாக வந்த ஜிடிஓ பிறந்த கதை இதுதான். சிறிய உடல், பெரிய எஞ்சின், எட்டக்கூடிய விலை. 'மசில் கார்' வம்சத்தின் தலைமகன் இதுதான் என்பது பலர் கட்சி.

அதே 1964 ஏப்ரல் 17இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது. ஓராண்டில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. அறுபது வயதைத் தாண்டிய அந்தக் குதிரைகள் இன்றும் அமெரிக்க வீட்டுக் கொட்டகைகளில் நிற்கின்றன. சில துருப்பிடித்து, சில பளபளப்பாக. அப்பா ஓட்டிய காரை மகன் பிரித்துப் பூட்டுவது அங்கே ஒரு குடும்பச் சடங்கு. பழைய தோற்றம், புதிய உறுப்புகள் என்ற இந்தக் கலவைக்கு 'ரெஸ்டோமாட்' என்று பெயரும் வைத்தாயிற்று.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஆசை எஞ்சினிலிருந்து தொடங்குவதால்தான். 1965 மஸ்டாங்கில் கிடைத்த மிகச் சக்தி வாய்ந்த 289 கன அங்குல எஞ்சினுக்குத் தொழிற்சாலை சொன்ன கணக்கு 271 குதிரைத் திறன். அதுவும் காற்று வடிகட்டி, சைலன்சர் போன்ற சுமைகளைக் கழற்றிவிட்டு மேஜை மேல் வைத்து அளந்தது. 1972 வாக்கில்தான் நேர்மையான 'நிகர' அளவு வழக்கத்துக்கு வந்தது. 2011 மாடல் மஸ்டாங்கில் வந்த 5 லிட்டர் எஞ்சினோ நிகர அளவிலேயே 412 குதிரைத் திறன். பணம் இருந்தால் அதைப் பழைய உடலுக்குள் இறக்கிவிடலாம். பலர் இறக்குகிறார்கள். அதன் பிறகுதான், காலடியில் இருப்பது 1965இன் பிரேக் என்பது நினைவுக்கு வருகிறது.

அந்த பிரேக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பெரும்பாலான மஸ்டாங்குகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. அது முழுவதும் வெப்பமாகிறது. டிரம் சூடேறி விரியும்போது உள்ளே இருக்கும் ஷூவிடமிருந்து விலகிப் போகிறது. மலைச் சரிவில் நாலைந்து முறை அழுத்தினால் பெடல் மட்டும் இறங்கும், கார் நிற்காது. காற்று படும்படி வெளியே சுழலும் டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு.

அதைவிட ஆபத்தானது மாஸ்டர் சிலிண்டர். 1966 வரை மஸ்டாங்கில் ஒரே அறை, ஒரே சுற்று. எந்தச் சக்கரத்தின் குழாயில் கசிந்தாலும் நான்கு சக்கரமும் சேர்ந்தே கைவிடும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று எனப் பிரித்த இரட்டைச் சிலிண்டர் 1967 மாடலில் வந்தது. அதைப் பழைய காரில் மாற்றுவது பெரிய செலவல்ல. மறு நிர்மாணத்தின் முதல் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பெட்ரோல் டாங்க். 1970 வரையிலான மஸ்டாங்குகளில் டாங்கின் மேல்தகடே டிக்கியின் தரை. அதற்கும் பின் இருக்கைக்கும் நடுவே உருப்படியான தடுப்புச் சுவர் கிடையாது. பின்னாலிருந்து மோதி டாங்க் கிழிந்தால் பெட்ரோல் பயணிகள் பக்கமே பாயலாம். அந்தப் பின் இருக்கையில் உட்காருவது பெரும்பாலும் குழந்தைகள். இருக்கைக்குப் பின்னால் ஓர் எஃகுத் தகட்டை அடைத்து, இடைவெளி இல்லாமல் மூடுவது புதிய பெயின்ட்டைவிட மலிவான வேலை. ஆனால் வெளியே தெரியாத வேலை. அதனால் தள்ளிப் போடப்படும் வேலை.

மூன்றாவது, ஓட்டுநரின் மார்புக்கு நேரே நிற்கும் ஸ்டீயரிங் தண்டு. முன்பக்கம் நசுங்கினால் அது ஈட்டி. 1965இல் ரால்ஃப் நாடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' வெளிவந்து, 1966 செப்டம்பரில் அதிபர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு நிலைமை மாறியது. மோதலில் மடங்கும் தண்டும் முன் இருக்கைகளுக்குத் தோள் பெல்ட்டும் 1968இலிருந்து கட்டாயமாயின. தலைத் தாங்கி 1969இல். அதற்கு முந்தைய கார்களில் இடுப்பு பெல்ட் மட்டுமே. வோல்வோவின் நில்ஸ் போலின் மும்முனை பெல்ட்டை 1959லேயே தந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

பெல்ட் வாங்குவது எளிது, பூட்டுவதில்தான் சூட்சுமம். தகரத்தில் ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கினால் மோதலில் அது தகரத்தோடு பிய்ந்து வரும். பின்னால் கனத்த எஃகுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். இன்னும் சிலர் பந்தயக் கார் பாணியில் நான்கு முனை பெல்ட்டும் இரும்புக் கூண்டும் போட்டுக்கொள்கிறார்கள். பார்க்கக் கம்பீரம். ஆனால் பந்தய வீரன் ஹெல்மெட் அணிகிறான். வெறும் தலையோடு ஓட்டுபவருக்கு, காதுக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாயே எமன். நான்கு முனை பெல்ட்டின் தோள் வார்கள் இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு மேலே இழுத்துவிடக்கூடும். பந்தயத் திடலின் பாதுகாப்பு வேறு, சாலையின் பாதுகாப்பு வேறு.

இவ்வளவும் முடிந்த பிறகு வேகத்துக்கு வரலாம். அங்கேயும் ஒரு சங்கிலி இருக்கிறது. ரேடியல் டயர் போட்டால் சாலைப் பிடிப்பு கூடும். பிடிப்பு கூடினால் திருப்பத்தில் உடல் முறுக்கேறும். மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் கிடையாது. முன்னும் பின்னும் தனித்தனிச் சட்டங்கள், நடுவே தரைத் தகடு. அந்த இரு சட்டங்களையும் எஃகுத் தண்டால் இணைத்தால்தான் உடல் இறுகும். உடல் இறுகினால்தான் நல்ல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வேலை செய்யும். பெரிய செலவில்லாத வித்தையும் உண்டு: கரோல் ஷெல்பியின் 1965 ஜிடி350 காரில் முன் சக்கரத்தின் மேல் கைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பூட்டினார்கள். திருப்பத்தில் டயர் சாலையோடு ஒட்டி நின்றது. தேவைப்பட்டது சில புதிய ஓட்டைகள் மட்டுமே. எஞ்சின் மாற்றம் இந்த வரிசையில் கடைசியில் வர வேண்டியது.

பழைமைவாதிகளின் ஆட்சேபம் ஒன்றுண்டு: இப்படி மாற்றினால் அது பழைய கார்தானா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1968இல் 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங், கீறலும் துருவுமாக அப்படியே வைக்கப்பட்டிருந்ததால்தான் 2020 ஜனவரி ஏலத்தில் 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆனால் அது அருங்காட்சியகப் பொருள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகும் கார் அல்ல. நடுவழி ஒன்று உண்டு: வெட்டாமல், போல்ட்டால் பூட்டும் மாற்றங்களை முடிந்தவரை தேர்ந்தெடுத்து, கழற்றிய உறுப்புகளைப் பெட்டியில் போட்டு வைப்பது. நாளை யாராவது பழையபடி ஆக்க விரும்பினால் ஆக்கிக்கொள்ளட்டும்.

எத்தனை செலவழித்தாலும் ஓர் எல்லை மட்டும் நகராது. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் ஆளுக்கு 64 கிமீ வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. கனத்த பழைய காரே தாங்கும் என்று நினைத்தவர்கள் திகைத்தார்கள். பழைய காரின் ஓட்டுநர் அறை நொறுங்கியது. உள்ளே இருந்தவர் மனிதராக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரின் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயத்தோடு போயிருக்கும். நசுங்க வேண்டிய இடத்தில் நசுங்கி, நசுங்கக் கூடாத இடத்தில் நிற்கும் உடலமைப்பு வடிவமைப்பிலேயே பிறப்பது. அதை எந்தக் கொட்டகையிலும் வெல்டிங் செய்து சேர்க்க முடியாது.

ஆகவே 400 குதிரைகளைப் பூட்டிய பிறகும் அந்தக் காரை 1965 காராகவே நினைத்து ஓட்டுபவர்தான் அதை இன்னொரு தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்.